ஆன் செய்ததுமே பாஸ்வேர்டு கேட்கும் ஆபீஸ் லேப்டாப்: கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன்

கேள்வி இதுதான்: கோயம்புத்தூர் கிளையில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு, வேலையை விட்டுப் போனவர் வைத்திருந்த டெல் லேப்டாப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பவர் பட்டனை அழுத்தினால் விண்டோஸ் வருவதற்கு முன்பே ஒரு கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்கிறது. ஐடி டீம் பெங்களூரில் இருக்கிறது, டிக்கெட் (ஐடிக்கு அனுப்பும் புகார்) போட்டு மூன்று நாள் ஆயிற்று. பக்கத்துத் தெரு சர்வீஸ் கடைக்காரர் "1500 ரூபாய் கொடுங்க, சாயங்காலம் திறந்து தர்றேன்" என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். கடைக்காரர் ஏமாற்றுவார் என்பதற்காகச் சொல்லவில்லை. சொன்னபடியே திறந்தும் கொடுத்துவிடுவார். திறந்த பிறகு வரும் தலைவலிதான் பெரியது, அதைக் கீழே விளக்குகிறேன். பதினான்கு வருஷமாக ஐடி சப்போர்ட்டில் இருக்கிறேன். இந்தப் பஞ்சாயத்து மாதம் ஒன்றாவது வரும். திரையில் இருப்பது எந்தப் பூட்டு, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் அரை மணி நேர வேலை. தெரியாமல் ஆளாளுக்கு ஒன்றைத் தட்டிப் பார்ப்பதில்தான் வாரக்கணக்கில் இழுக்கிறது.

முதல் வேலையாகத் திரையை ஒரு போட்டோ எடுங்கள். "லேப்டாப் லாக் ஆயிடுச்சு" என்று மட்டும் எழுதிய டிக்கெட்டை எந்த ஐடி ஆளும் விண்டோஸ் பாஸ்வேர்டு என்றே நினைப்பார். சர்வரில் ரீசெட் செய்துவிட்டு டிக்கெட்டை மூடிவிடுவார். உங்கள் மூன்று நாளும் அப்படித்தான் போயிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஒரு வீட்டுக்கு வாசல் கேட், நிலைக்கதவு, உள்ளே பீரோ என்று தனித்தனிப் பூட்டு இருப்பதுபோல லேப்டாப்பிலும் உண்டு. ஆளின் பெயரும் படமும் வந்து பாஸ்வேர்டு கேட்டால் அது விண்டோஸ், நிலைக்கதவு. அதற்கு முன்னால், லேப்டாப் தயாரிப்பாளரின் லோகோவை ஒட்டி வெறும் கட்டமாக வந்தால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடி மெஷினை எழுப்பும் மென்பொருள்) பாஸ்வேர்டு, வாசல் கேட். நீலத் திரையில் பிட்லாக்கர் (டிஸ்க்கில் இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி) என்ற பெயர் போட்டு, பின் நம்பரோ நீளமான ரெகவரி கீயோ கேட்டால் பீரோ. பீரோவிலேயே இன்னொரு வகை ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு. இதைத்தான் பலரும் பயாஸ் பாஸ்வேர்டு என்று குழப்பிக்கொள்வார்கள், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

கொஞ்சம் பழைய டெல் என்றால் பிரித்துப் பார்ப்பது சுலபம். வாக்கியம் 'திஸ் கம்ப்யூட்டர் சிஸ்டம்' என்று ஆரம்பித்து, ஒரு ஹேஷ் குறிக்குப் பிறகு ஏழு எழுத்து சர்வீஸ் டேக் (டெல் ஒவ்வொரு மெஷினுக்கும் தரும் அடையாள எண்) வந்தால் பயாஸ். 'தி ஹார்டு டிரைவ்' என்று ஆரம்பித்தால் டிஸ்க். லெனோவோவின் திங்க்பேடில் சின்னதாகப் படம் வரும். உருளை வடிவில் டிரம் மாதிரி ஒன்று இருந்தால் டிஸ்க் பாஸ்வேர்டு. இந்த ஒரு வரியைச் சரியாகப் படித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

பாஸ்வேர்டு தெரிந்தும் ஏற்கவில்லை என்றால் அது தனிக் கதை. இது நான் நேரில் பார்த்தது. ஒரு பெண், மகப்பேறு விடுப்பு முடிந்து வந்தவர், "இதுதான் பாஸ்வேர்டு, எனக்கு நிச்சயமாகத் தெரியும்" என்று அழாத குறையாகச் சொன்னார். தட்டினால் நட்சத்திரம் மட்டும்தான் தெரிகிறது, மூன்று தடவைக்கு மேல் மெஷின் நின்றுவிடுகிறது. அது 14 அங்குலப் பழைய லேப்டாப். தனி நம்பர் பேட் கிடையாது. நம்லாக் ஆன் ஆகியிருந்தால் ஜே, கே, எல் கீகள் 1, 2, 3 ஆகிவிடும்; யூ, ஐ, ஓ கீகள் 4, 5, 6 ஆகிவிடும். அவர் பாஸ்வேர்டில் 'எல்' இருந்தது. கீபோர்டில் நம்லாக்குக்கு ஒரு குட்டிப் பச்சை விளக்கு, அதன்மேல் யாரோ ஒட்டிய சொத்து எண் ஸ்டிக்கர்! எஃப்என் கீயோடு நம்லாக்கை அழுத்தினேன், அடுத்த தடவையே திறந்துகொண்டது. ஸ்டிக்கர் ஒட்டியது எங்கள் ஆள்தான் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

எனவே கேப்ஸ்லாக், நம்லாக் இரண்டையும் பாருங்கள். புளூடூத் கீபோர்டு அந்த நேரத்தில் வேலை செய்யாது. டாக்கில் (லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) செருகிய கீபோர்டும் சில மாடல்களில் செய்யாது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டில் அடியுங்கள். விண்டோஸில் தமிழ்99 வைத்திருந்தாலும் பயாஸுக்கு அதெல்லாம் தெரியாது, சாதாரண அமெரிக்க ஆங்கிலக் கீபோர்டு மாதிரியே எடுத்துக்கொள்ளும். அப்புறம், கண்டபடி தட்டிப் பார்க்காதீர்கள். பயாஸ் மூன்று தடவையில் நின்றால் அணைத்துப் போட்டு மறுபடி முயலலாம். ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டில் ஐந்து தடவைக்குப் பிறகு டிஸ்க் பதில் சொல்லாது, பவரைத் துண்டித்துக் கொடுக்க வேண்டும். பிட்லாக்கர் பின் நம்பர் விஷயத்தில், போர்டில் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும் டிபிஎம் என்ற சிப் கணக்கு வைத்துக்கொள்ளும்: விண்டோஸ் வைத்திருக்கும் அமைப்புப்படி 32 தவறுக்குப் பிறகு பூட்டிக்கொள்ளும், பத்து நிமிடத்துக்கு ஒரு தவறு வீதம்தான் மறக்கும். அணைத்துப் போட்டாலும் அந்தக் கணக்கு அழியாது.

இப்போது கடைக்காரர் என்ன செய்வார் என்று பார்ப்போம். "பேட்டரியைக் கழற்றினால் பாஸ்வேர்டு போயிடும்" என்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொய் இல்லை, காலாவதியான உண்மை. 1984-இல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி காலத்திலிருந்தே, செட்டிங்ஸ் எல்லாம் பேட்டரி தயவில் உயிர்வாழும் ஒரு சின்ன மெமரியில் இருந்தன. பின்னால் வந்த டெஸ்க்டாப்புகளில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியை எடுத்து வைத்தாலோ, போர்டில் ஒரு ஜம்பரை (இரண்டு ஊசிகளை இணைக்கும் குட்டித் தொப்பி) மாற்றிப் போட்டாலோ எல்லாம் அழிந்துவிடும். டெஸ்க்டாப்பில் இன்றும் ஜம்பர் பல இடங்களில் வேலை செய்யும். லேப்டாப் கதை வேறு. திருடு போகும் பொருள் என்பதால், பேட்டரி இல்லாவிட்டாலும் அழியாத சிப்பில் பாஸ்வேர்டை வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கு ஒரு பிசினஸ் லேப்டாப்பைத் திறந்து பேட்டரியை ஒரு வாரம் கழற்றி வைத்தாலும் தேதியும் நேரமும்தான் மாறும், பாஸ்வேர்டு அப்படியே இருக்கும்.

ஆகவே கடைக்காரருக்கு இரண்டு வழி. ஒன்று, தவறாக மூன்று தடவை அடித்ததும் சில மாடல்கள் காட்டும் குறியீட்டை வைத்து ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டைக் கணக்கிடுவது. பழைய மாடல்களில் அந்தக் கணக்கு பலவீனமாக இருந்ததால் வெளியே கசிந்துவிட்டது. புதியவற்றில் அது எடுபடாது. இரண்டாவது, 'பயாஸ் ப்ரோகிராமிங்'. போர்டில் இருக்கும் எட்டுக்கால் சிப்பை ஹாட் ஏர் வைத்துக் கழற்றி, அல்லது மேலேயே கிளிப் மாட்டி, உள்ளே இருப்பதைப் படித்து, மாற்றி எழுதுவது. சென்னை ரிச்சி தெருவில் இதை நேர்த்தியாகச் செய்யும் கைகாரர்களைப் பார்த்திருக்கிறேன், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் சிப்பில் பாஸ்வேர்டு மட்டும் இல்லை. மெஷினின் சீரியல் எண்ணும், பல மாடல்களில் விண்டோஸ் லைசென்ஸ் கீயும் அதில்தான். அவசரத்தில் இன்னொரு மெஷினிலிருந்து எடுத்த ஃபைலை எழுதிவிட்டால் உங்கள் கம்பெனியின் சொத்துப் பதிவேட்டில் இருக்கும் லேப்டாப்பும் உங்கள் கையில் இருக்கும் லேப்டாப்பும் ஒன்றல்ல என்று ஆகிவிடும். வாரண்டி போயிற்று. இன்ட்யூன் மாதிரி மேலாண்மை மென்பொருள் இருந்தால் அதற்கும் இது புது மெஷினாகத் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பீரோவில் இருக்கிறது. டிபிஎம் சிப், மெஷின் ஆன் ஆகும் விதம் நேற்று இருந்தபடி இருந்தால்தான் பிட்லாக்கரின் சாவியை எடுத்துக் கொடுக்கும். பயாஸை மாற்றி எழுதினால் பெரும்பாலும் "என்னமோ நடந்திருக்கிறது" என்று சந்தேகப்பட்டு ரெகவரி கீ கேட்கும். 1500 ரூபாய் கொடுத்து வாசல் கேட்டை உடைத்த கையோடு, உள்ளே அதைவிடக் கெட்டியான பூட்டு முன்னால் போய் நிற்பீர்கள். அதற்குக் கடைக்காரரிடம் மருந்து கிடையாது, "ஃபார்மட் பண்ணிடலாமா சார்?" என்பார். பழைய ஊழியரின் வேலை ஃபைல்கள் உள்ளே இருந்தால் அத்தோடு சரி.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 43: உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66-இன் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலை செய்வதற்காகத் திறந்த உங்களை யாரும் ஜெயிலில் போடப் போவதில்லை. ஆனால் லேப்டாப்புக்கு உரிமையாளர் கம்பெனி, நீங்கள் இல்லை. புதிதாகச் சேர்ந்த இடத்தில், கம்பெனி மெஷினை வெளியே கொடுத்துத் திறந்தார் என்ற பேச்சு எழுந்தால் அதற்குச் சட்டமே தேவையில்லை, எச்ஆர் போதும்.

சரி, சாவி யாரிடம்?

பயாஸில் பொதுவாக இரண்டு பாஸ்வேர்டு வைக்கலாம். ஒன்று, ஆன் செய்யும்போது கேட்பது. இன்னொன்று, செட்டிங்ஸை மாற்றக் கேட்கும் அட்மின் பாஸ்வேர்டு. திங்க்பேடில் இதை சூப்பர்வைசர் என்பார்கள். கம்பெனிகள் வைப்பது பெரும்பாலும் இரண்டாவதை, நூறு மெஷினுக்கும் ஒன்றையே வைத்திருப்பார்கள். முதலாவதை அனேகமாக அந்தப் பழைய ஊழியரே வைத்திருப்பார். விஷயம் என்னவென்றால், அட்மின் பாஸ்வேர்டு இருந்தால் பல மாடல்களில் ஆன் செய்யும்போது கேட்கும் இடத்திலேயே அதை அடித்து உள்ளே போகலாம், பிறகு செட்டிங்ஸில் மற்றதை எடுத்துவிடலாம். ஆகவே ஐடி டீமிடம் "பாஸ்வேர்டு ரீசெட் பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். "இது பயாஸ் பாஸ்வேர்டு, விண்டோஸ் இல்லை. நமக்கு ஸ்டாண்டர்டு அட்மின் பாஸ்வேர்டு இருக்கிறதா? சர்வீஸ் டேக் இது, போட்டோ இணைத்திருக்கிறேன்" என்று எழுதுங்கள். அந்தப் பாஸ்வேர்டை அவர்கள் உங்களிடம் சொல்லத் தயங்குவார்கள், நியாயம்தான். நூறு மெஷினின் சாவி அது. கிளைக்கு வரும் அவர்களுடைய ஆளோ, உங்கள் மேனேஜரோ முன்னால் உட்கார்ந்து அடிக்கட்டும்.

தொலைவிலிருந்து செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். டெல், எச்பி, லெனோவோ எல்லோரும் பயாஸ் பாஸ்வேர்டைத் தூரத்திலிருந்து மாற்றக் கருவி கொடுக்கிறார்கள். ஆனால் அது விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, பழைய பாஸ்வேர்டும் தெரிந்தால்தான் நடக்கும். உங்கள் மெஷின் வாசலிலேயே நிற்கிறது.

அட்மின் பாஸ்வேர்டு இல்லை என்றால் பழைய ஊழியர். இங்கே ஒரு சங்கடம். பெரும்பாலானவர்கள் ஒரே பாஸ்வேர்டைத்தான் பேங்கிலிருந்து கேஸ் புக்கிங் வரை வைத்திருப்பார்கள். போனில் கேட்டால் "மறந்துடுச்சுங்க" என்று சொல்லிவிடுவார், உண்மையில் மறந்திருக்க மாட்டார். எச்ஆர் மூலமாகக் கேட்டு, "பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டாம், அஞ்சு நிமிஷம் வந்து நீங்களே அடிச்சு எடுத்து விட்டுடுங்க" என்றால் வருகிறவர்கள் அதிகம். செட்டில்மெண்ட் இன்னும் பாக்கி இருந்தால் கட்டாயம் வருவார்.

அவரும் இல்லையென்றால் தயாரிப்பாளர். டெல் பல மாடல்களுக்கு, உரிமை யாருடையது என்று சரிபார்த்த பிறகு திறக்கும் குறியீடு கொடுக்கும். வாங்கிய கம்பெனியின் பெயரில் பதிவு இருக்க வேண்டும் என்பதால் ஐடி அல்லது பர்ச்சேஸ் டீம்தான் கேட்க வேண்டும், நீங்கள் கேட்டால் நடக்காது. லெனோவோ கறார். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தொலைந்தால் மதர்போர்டை மாற்ற வேண்டும், காசு உங்களுடையது என்று கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது. இன்டெல் சிப் இருந்த மேக்புக் என்றால் வாங்கிய ஒரிஜினல் பில்லோடு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1-இலிருந்து வந்தவற்றில் அந்த வகைப் பாஸ்வேர்டே கிடையாது.

போர்டு மாற்றுவதில் ஒரு கண்ணி இருக்கிறது, ஐடி ஆட்களே தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். டிபிஎம் போர்டோடு போய்விடும். புது போர்டு போட்டதும் பழைய டிஸ்க் கேட்கும் முதல் கேள்வி பிட்லாக்கர் ரெகவரி கீ. எனவே இன்ஜினியர் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பே அந்தக் கீ கையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுக் கட்டு. ஒவ்வொரு கட்டும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும்படி அமைத்திருக்கிறார்கள், அதனால் போனில் கேட்டு அடிக்கும்போது ஒரு இலக்கம் பிசகினாலும் அந்தக் கட்டிலேயே திரை பிடித்துவிடும். திரையில் கீ ஐடி என்று ஒன்று தெரியும், அதன் முதல் எட்டு எழுத்தை ஐடியிடம் சொன்னால் போதும். அவர்கள் கம்பெனி மெஷின்களின் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியிலோ என்ட்ராவிலோ தேடி எடுப்பார்கள். சொந்த லேப்டாப்பாக இருந்தால் நீங்களே மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம். இது பழைய ஆளின் பெயரில் பதிவான மெஷின், உங்கள் கணக்கில் எவ்வளவு தேடினாலும் வராது. இன்னொன்று: "அவர்தான் போயிட்டாரே" என்று என்ட்ராவிலிருந்து அந்த லேப்டாப்பின் பதிவை யாராவது சுத்தமாக நீக்கியிருந்தால், சாவியும் கூடவே போயிருக்கும்.

இந்தச் சாவி விஷயத்தை அலட்சியமாக விட்ட கம்பெனிகளுக்கு 2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. சரிசெய்வது சுலபம்தான், சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். ஆனால் உள்ளே போக பிட்லாக்கர் கீ வேண்டுமே! அந்தக் கீகளை வைத்திருந்த சர்வரும் சேர்ந்து படுத்துக்கிடந்த இடங்களில் பட்ட பாடு சொல்லி மாளாது. அதே மாதம் மைக்ரோசாஃப்டின் சொந்த அப்டேட் ஒன்றும் சில மெஷின்களைக் காரணமில்லாமல் ரெகவரி கீ கேட்க வைத்தது. பூட்டு போடுவதற்கு ஐடியில் எல்லோருக்கும் ஆர்வம் உண்டு. சாவிக் கொத்தை எங்கே மாட்டி வைத்தோம் என்று எழுதி வைப்பவர்கள் குறைவு, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

திரையில் இருப்பது ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு என்றால் பேச்சைச் சுருக்கிக்கொள்ளலாம். போட்டவருக்குத் தெரிந்தால் உண்டு, இல்லையென்றால் அந்த டேட்டா இல்லை. லெனோவோவும் கையை விரித்துவிடும், டிஸ்க்கை மாற்றிக்கொள்ளச் சொல்லும். உள்ளே இருப்பதைத் தானே என்கிரிப்ட் செய்துகொள்ளும் (மற்றவர் படிக்க முடியாத வடிவில் மாற்றிக்கொள்ளும்) எஸ்எஸ்டி டிஸ்க் சிலவற்றின் லேபிளில் பிஎஸ்ஐடி என்று 32 எழுத்து அச்சிட்டிருக்கும். அதை வைத்து டிஸ்க்கைத் துடைத்து மறுபடி பயன்படுத்தலாம், பழைய ஃபைல் எதுவும் திரும்ப வராது.

அதுவரை வேலையை என்ன செய்வது? மேனேஜரிடம் சொல்லி ஒரு ஸ்பேர் மெஷின் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. மெயிலும் ஒன்டிரைவும் பிரவுசரில் கிடைக்கும் என்றால் அதிலேயே ஓட்டலாம். மூன்று நாள் வேலை நின்றது யாரால் என்பது எழுத்தில் இருக்கட்டும், அதற்காகவே டிக்கெட் எண்ணைக் குறிப்பிட்டு மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். பழைய டிக்கெட்டை விண்டோஸ் என்று நினைத்து மூடியிருந்தால் அதையே மறுபடி திறக்கச் சொல்லாமல், 'பயாஸ் பாஸ்வேர்டு, பழைய ஊழியர் மெஷின்' என்று தலைப்பிட்டுப் புதிதாக ஒன்று போடுங்கள். வரிசையில் அது வேறு ஆளிடம் போகும்.

எப்படியோ திறந்துவிட்டார்கள் என்று வையுங்கள். வந்தவர் கிளம்புவதற்கு முன் பிட்லாக்கர் கீ உங்கள் கம்பெனியின் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு நிஜமாகவே போய்விட்டதா என்பதற்கு ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்ப்பது போதாது. பல மாடல்களில் ரீஸ்டார்ட் ஆகும்போது பாஸ்வேர்டு கேட்காது, முழுக்க அணைத்து ஆன் செய்தால்தான் கேட்கும். ஷட் டவுன் கொடுத்து, விளக்கெல்லாம் அணைந்த பிறகு பவர் பட்டனை அழுத்தி, விண்டோஸ் வருகிற வரைக்கும் அவரைப் பக்கத்திலேயே நிற்க வையுங்கள்.